இரண்டாவது விளி

மக்களே,

உன் கடிதம் இன்று மத்தியானம் கைக்கு வந்தது. மருமகள் கோமதியின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வந்து அவளுடைய பெட்டியையும் தையல் மிஷினையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறான் என்று, நாளைக்கு மழை வரும் என்பதுபோல ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். தபாலில் போட்டால் எல்லாம் முடிந்த பிறகுதான் என் பதில் உன்னிடம் வந்து சேரும். அதனால் அடுத்த வீட்டுக் கண்டக்டரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். ஒட்டாமல்தான் கொடுக்கிறேன், அவர் படித்தால் படிக்கட்டும், நீ கோமதியிடம் காட்டினாலும் எனக்கு ஒன்றும் குறைந்து போகாது. இந்த வயதுக்குமேல் எனக்கு என்ன ரகசியம் வேண்டிக் கிடக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோமதிக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், தக்கலையில், தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. அவள் போய் அவள் அம்மா வீட்டில் தங்கி வேலையில் சேர்ந்தாள். நீ திருவனந்தபுரத்தில் இந்தப் பக்கத்துக் கேரள சர்க்காரில் சம்பளம் வாங்குகிறவன், உனக்கு அங்கே மாற்றல் கிடையாது. "திரும்பி வா" என்று ஒரு தடவை சொன்னாய். எனக்கு இந்த வேலை வேணும், நீங்க என்ன சொல்லுதிய என்று அவள் கேட்டாள். அதற்கு நீ சொன்ன பதிலை நீயே எழுதியிருக்கிறாய். "உன் இஷ்டம்." பிறகு கடைசிப் பக்கத்தில் எனக்கு என்ன எழுதியிருக்கிறாய் தெரியுமா? அவள் இல்லாத வீட்டில் விளக்குப் போடக்கூட மனசு வரவில்லை, எல்லையில் களியக்காவிளையில் ஒரு வீடு எடுத்தால் நான் வடக்கேயும் அவள் தெற்கேயும் பஸ் ஏறிப் போய்வரலாம், அதுவும் முடியாது என்றால் வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கமே போகவும் தயார், இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும் என்று எழுதியிருக்கிறாய். அந்த "உன் இஷ்டம்" என்கிற வார்த்தையை இதே வீட்டில் ஒருவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். உன் அப்பா.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் சீட்டாட்டத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். சிரிக்காதே. உன் அப்பா நெய்யாற்றின்கரை தாலுகா கச்சேரியில் கிளார்க்காக இருந்தார் அல்லவா, அங்கே உத்தியோகஸ்தர்கள் எல்லாருக்கும் பிரிட்ஜ் பைத்தியம் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்தால் நம் வீட்டு முன்னறையில் மேசை போட்டுவிடுவார்கள். ஒரு ஜோடி உன் அப்பாவும் சித்தப்பாவும், எதிர் ஜோடி அதியன்னூரில் இருந்து சைக்கிளில் வருகிற ஓவர்சியர் நாயரும் அவருடைய மச்சினனும். எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. தெருவில் இந்தத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று ஒரு கூட்டம். சித்தப்பா முதல் கூட்டம், ஓவர்சியர் இரண்டாவது கூட்டம். ஆனால் மேசைக்கு வந்துவிட்டால் எல்லையைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒன் ஹார்ட், டூ ஸ்பேட்ஸ், பாஸ் என்று, ஏலம் கேட்பதுபோல, இங்கிலீஷில் விளித்துக்கொள்வார்கள். தமிழுக்கும் மலையாளத்துக்கும் அந்த மேசையில் சண்டை வர வழியே இல்லை.

நான் காப்பி கொண்டுபோய் வைக்கிற சாக்கில் உன் அப்பா பின்னால் நின்று பார்த்தே ஆட்டத்தைப் படித்தேன். அதில் எனக்குப் பிடித்தது விளிப்பதுதான். ஒவ்வொருவர் கையிலும் பதின்மூன்று சீட்டு. எதிரே இருக்கிற உன் கூட்டாளியின் சீட்டை நீ பார்க்க முடியாது, அவன் உன்னுடையதைப் பார்க்க முடியாது. விளிக்கிற அந்த இரண்டு மூன்று வார்த்தைகளில்தான் என்னிடம் இன்னது இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். கண்ணால் காட்டக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. பின்னால் நின்று பார்க்கிறவர்களும் மூச்சுவிடக் கூடாது. ஒரு தடவை உன் அப்பா செய்த கூத்தைப் பார்த்துவிட்டு நான் "ச்ச்" என்று நாக்கைத் தட்டிவிட்டேன். அவ்வளவுதான், நாலு பேரும் சீட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். அந்த ஆட்டம் செல்லாது என்றார்கள். உன் அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அந்த அறை வாசலில் நான் வாயைத் தைத்துக்கொண்டுதான் நிற்பேன்.

உன் அப்பா நல்ல ஆட்டக்காரர், விளிக்கத் தெரியாதவர். அது கச்சேரிப் பழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றும். பைலில் குறிப்பு எழுதுகிற கிளார்க் தனக்கு வேண்டியதை எழுதமாட்டான். இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம் என்று இரண்டு பக்கத்தையும் எழுதிவிட்டு, உத்தரவுக்குச் சமர்ப்பிக்கிறேன் என்று முடிப்பான். மேலே இருப்பவர் முடிவு செய்துகொள்வார். வருஷக்கணக்காக அப்படி எழுதி எழுதி உன் அப்பா வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டார். இட்லி வேண்டுமா தோசை வேண்டுமா என்றால்கூட எது சௌகரியமோ அது என்பார். நானும் கோபத்தில் இரண்டும் சுடாமல் பழைய சோற்றை வைத்திருக்கிறேன், அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையைப் பின்னால் நின்று பார்த்தேன். ஹார்ட்டில் மட்டும் ஆறு சீட்டு, அதில் ஏஸும் ராஜாவும் ராணியும். டைமண்டில் ஏஸ், கிளாவரில் ஏஸ். இத்தனை நல்ல கை எப்போதாவதுதான் வரும். அவர் "ஒன் ஹார்ட்" என்றார். சரி, தொடங்குவது அப்படித்தான். எதிரே சித்தப்பா "ஒன் ஸ்பேட்" என்றார். என் கையிலும் கொஞ்சம் இருக்கிறது, உங்களிடம் எவ்வளவு இருக்கிறது சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். இப்போது இவர் "த்ரீ ஹார்ட்ஸ்" என்று ஒரு படி தாண்டி விளித்திருக்க வேண்டும். இவர் என்ன செய்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தொண்டையைச் செருமினார், "டூ ஹார்ட்ஸ்" என்றார். ஏதோ தொடங்கினேன், பெரிதாக ஒன்றுமில்லை என்கிறவன் சொல்லுகிற விளி அது. சித்தப்பா தன் சீட்டைப் பார்த்தார், அண்ணனிடம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து "பாஸ்" என்றார். ஆட்டம் முடிந்தபோது பத்துப் பிடி வந்திருந்தது, ஆறு போக மிச்சம் நாலு என்று அதற்குக் கணக்கு. நாலு ஹார்ட் விளித்திருந்தால் ஆட்டமே அவர்களுடையது, விளித்தது இரண்டு.

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "இம்புட்டையும் கையில வச்சோண்டாண்ணே டூ ஹார்ட்ஸ் விளிச்சிய?" என்று கேட்டார். உனக்குப் புரியும் என்று நினைத்தேன் என்றார் உன் அப்பா. ஓவர்சியர் சீட்டைக் குலுக்கிக்கொண்டே, தப்பித்தவரின் தாராளத்தோடு, மலையாளத்தில் சொன்னார்: "பிள்ளே, ஆத்யத்தெ விளி ஆளுண்டென்னு பறயான். ரண்டாமத்தெ விளியிலாணு எத்ர பேருண்டென்னு பறயேண்டது." முதல் விளி வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்வதற்கு, எத்தனை பேர் என்பதை இரண்டாவது விளியில்தான் சொல்ல வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். நானும் உள்ளே போய்ச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சிரிக்கிற நாட்கள் குறைந்துவிட்டன. சித்தப்பா பாறசாலையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் போனவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. உன் அப்பா ஜாமீனில் எடுத்து வந்தார். பள்ளிக்கூட வேலை போயிற்று, பேரில் கேஸ் நின்றது. பிறகு ஒரு நாள் எல்லைக் கோடு போட்டுவிட்டார்கள். தெற்கே நாலு தாலுகா அந்தப் பக்கம் போயிற்று, நம் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றுவிட்டது. பக்கத்து விளவங்கோட்டில் கொண்டாடி வெடி போட்ட சத்தம் நம் வீட்டுக்குக் கேட்டது. சித்தப்பா வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கூட்டத்தார் ஜெயித்துவிட்டார்கள், இவர் மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

கொஞ்ச நாளில் நாகர்கோவிலில் ஒரு அச்சாபீஸில் இருந்து அவரை வேலைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்கள். அதைக் கேள்விப்பட்ட உன் அப்பா நேரே அடுக்களைக்கு வந்தார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் அடுக்களைக்கு வருகிற மனிதரே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவனுக்க கேஸு கொண்டு எனக்க வேல போனா போட்டும். தெங்கு உண்டு, வயலு உண்டு, கஞ்சி குடிச்சிட்டு கெடப்போம். அவன் இந்த வீட்டுலதான் இரிக்கணும்." கல்யாணம் ஆகி அவ்வளவு நாளில், இது எனக்கு வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இதைப் போய் அவரிடம் சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் இரண்டு பேரும் முன்னறையில் அதே மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுக் கட்டு உன் அப்பா கையில் இருந்தது. நான் காப்பித் தம்ளர்களோடு வாசலில் நின்றேன்.

"அண்ணே, நாகர்கோவிலுல ஒரு வேலைக்கு விளிக்காவ. போட்டா?"

"எதுக்குப் போற? இங்க இரி."

"இரிக்கலாம். எனக்க பேருல கேஸு உண்டு, நாளைக்கு உங்களுக்க ஆபீஸுல வந்து கேப்பாவ. அண்ணன் என்ன சொல்லுதிய?"

உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சீட்டுக் கட்டை ஒரு தடவை குலுக்கினார், மேசையில் தட்டி நேராக்கினார். அடுக்களையில் சொன்னதை இப்போது சொல்லிவிடுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். தம்பி முகத்தைப் பார்க்காமல், "உனக்க இஷ்டம்போல செய்" என்றார். சித்தப்பா, சரி அண்ணே என்று எழுந்துவிட்டார். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. தம்ளர்களை வைத்துவிட்டு, கொழுந்தனே, இவர் மத்தியானம் என்ன சொன்னார் தெரியுமா என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் அந்த அறையில் பின்னால் நிற்கிறவர்கள் பேசக் கூடாது என்று எனக்குப் பழகிப்போயிருந்தது. அது சீட்டாட்டத்துக்கான சட்டம், இது ஒருவருடைய வாழ்க்கை என்று பிரித்துப் பார்க்க அந்த நேரத்தில் எனக்குப் புத்தி வரவில்லை.

நீ சித்தப்பாவை விருந்தாளியாகத்தான் அறிவாய். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் வருவார், உனக்கு நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் கொண்டுவருவார், சாப்பிடுவார், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் புறப்பட்டுவிடுவார். தான் பிறந்த வீட்டில் தண்ணீர் குடிக்க என்னிடம் கேட்பார். நீங்களே மோந்து குடியுங்கள் என்பேன், சிரித்துக்கொண்டு நிற்பார். பாலராமபுரத்து வேட்டி ஒன்று ஒவ்வொரு ஓணத்துக்கும் உன் அப்பா அவருக்கு எடுத்து வைப்பார், கையில் கொடுக்கத் தெரியாது, கொடியில் போட்டிருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்பார். சண்டை கிடையாது, மனத்தாங்கல் கிடையாது. நாகர்கோவில் என்ன சீமையா, பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை இரண்டு பேராலும் தாண்ட முடியவில்லை.

மஞ்சள்காமாலை முற்றி அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தகவல் வந்தபோது நான்தான் முதலில் போனேன். உன் அப்பா கச்சேரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, உத்தரவு ஆகி மறுநாள் வருவதாகச் சொன்னார். சித்தப்பாவின் கண் மஞ்சளாகக் கிடந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. ஊர்ப் பேச்சு, தேங்காய் விலை எல்லாம் விசாரித்தார். பிறகு மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மைனி, அண்ணன் இன்னொருக்கா இரின்னு சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டேன். இஷ்டம்போல செய்யின்னாக்கும் சொன்னது. என்னய வேண்டாம்போலன்னு நெனச்சு பாஸ் சொல்லிட்டேன்." நான் அடுக்களையில் கேட்டதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் அப்பா மறுநாள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு உன் அப்பாவிடம் அதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர், "அவனுக்கு எனக்க கை தெரியும்னு நெனச்சேன்" என்றார். கூடப் பிறந்தவன், ஒரே பாயில் படுத்தவன், அவனுக்குத் தெரியாதா என்பதுதான் அவர் நினைப்பு. மக்களே, யாருக்கும் யார் கையும் தெரியாது. கூடப் பிறந்தாலும் தெரியாது, தாலி கட்டினாலும் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

சித்தப்பா நாகர்கோவில் போன பிறகும் கச்சேரிக்காரர் யாரையாவது எதிரே உட்காரவைத்து ஞாயிறு ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓவர்சியர் வரவில்லை, துக்க வீட்டில் சீட்டு எதற்கு என்று விட்டுவிட்டார். முன்னறையில் மேசை இழுக்கிற சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன். உன் அப்பா சீட்டை நாலு கையாகப் போட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தன் சீட்டை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. எதிரே காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, தெளிவாக, எனக்குக் கேட்கும்படி, "த்ரீ ஹார்ட்ஸ்" என்றார். பிறகு சீட்டையெல்லாம் சேர்த்துக் கட்டி அலமாரி மேல் வைத்துவிட்டார். சாகிற வரை தொடவில்லை. நான் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ அப்பா பிள்ளை, கண்ணாடி துடைக்கிறது உட்பட. வா என்று ஒரு தடவை சொன்னாய், அவள் நீங்க என்ன சொல்லுதிய என்று கேட்டாள். அந்தப் பெண் உன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள், மடையா. களியக்காவிளை வீட்டையும், வேலையை விடத் தயார் என்பதையும் கையில் வைத்துக்கொண்டு உன் இஷ்டம் என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? பெட்டியை எடுக்க அண்ணனை அனுப்பத்தான் செய்வாள். பெருந்தன்மையாகப் பேசுவதாக நீ நினைத்தாய். உன் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார்.

அதற்காகப் போய் ராஜினாமாக் கடுதாசியை அவள் முன்னால் நீட்டிவிடாதே. ஓவர்சியரின் மச்சினன் அப்படித்தான் விளிப்பான், கொஞ்சம் நல்ல சீட்டு வந்தால் போதும், எதிரே இருப்பவரை ஒரு வார்த்தை கேட்காமல் நேரே நாலுக்குத் தாவி மேசையைத் தட்டுவான். பாதி நாள் கவிழ்ந்துபோவான், ஓவர்சியர் பல்லைக் கடித்துக்கொள்வார். மூன்று என்று விளிப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. என்னிடம் இருப்பது முழுக்க இவ்வளவு, உன்னிடம் இருப்பதைப் பார்த்து நீ முடிவு சொல் என்று அதற்கு அர்த்தம். உன் இஷ்டம் என்பதைக் கடைசியில் சொல்லலாம், எல்லாவற்றையும் சொன்ன பிறகு. நீ எனக்கு எழுதின கடைசிப் பக்கம் இருக்கிறதே, அதை ஒரு வார்த்தை விடாமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அதற்குப் பிறகும் அவள் வேண்டாம் என்றால் அது அவள் கை, அவள் தீர்மானம். பெட்டியை நீயே தூக்கி வேனில் வைத்துவிட்டு என்னிடம் வா. அழ வேண்டுமென்றால் இங்கே வந்து அழு.

உன்னைப் பற்றி நான் கோமதியிடம் போய்ச் சொல்லிவிடலாம், தக்கலைக்குப் போக எனக்குக் கால் இருக்கிறது. ஆனால் பின்னால் நிற்கிறவள் சொல்லி வருகிற பெண், நீ கூப்பிட்டு வந்தவளாக இருக்கமாட்டாள். அதனால் உன்னிடம் மட்டும் நாக்கைத் தட்டிவிட்டேன். ஆட்டம் செல்லாது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

உன் அப்பா கடைசியாக விளித்தபோது எதிரே நாற்காலிதான் இருந்தது. உனக்கு எதிரே இன்னும் ஆள் இருக்கிறாள், அவள் பெட்டியும் ஞாயிற்றுக்கிழமை வரை உன் வீட்டில்தான் இருக்கும். சனிக்கிழமை காலை தக்கலை போகிற முதல் பஸ்ஸுக்குப் புறப்படு, மக்களே. கண்ணாடியை வீட்டிலேயே துடைத்துவிட்டுப் போ.

அம்மா